ஒட்ட அறுப்பதில் லாபம் இல்லை

அமெரிக்காவின் பென்சில்வேனியா, நியூயார்க், ஒஹையோ, விஸ்கான்சின் மாநிலங்களில் மே மாதக் கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் முதல் புல்லறுப்பு நடக்கும். பனிக்காலம் முழுவதும் மாட்டுக்கும் குதிரைக்கும் போட வேண்டிய உலர்புல் அங்கே தனிப்பயிர். நம் வைக்கோலைப் போல தானியம் எடுத்தபின் மிஞ்சும் பொருள் அல்ல. விதைத்து, உரமிட்டு, கதிர் தள்ளும் பருவத்தில் அறுத்து, வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவைத்து, பேலரில் கட்டிச் சேர்ப்பார்கள். அறுக்கும் வேலையை டிராக்டரில் பூட்டிய டிஸ்க் மோவர் செய்கிறது. அதன் கத்தி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் ஓட வேண்டும் என்று கேட்டால் அங்கே பரவலாகக் கிடைக்கும் விடை, முடிந்த அளவு தாழ்வாக என்பதுதான். வயலில் விட்டு வந்த ஒவ்வோர் அங்குலமும் கைவிட்ட காசு என்று அந்தத் தரப்பு கருதுகிறது. அல்ஃபால்ஃபா எனப்படும் குதிரைமசால் மட்டும் நிற்கும் வயலுக்கு இதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் ஆர்ச்சர்டு கிராஸ், திமோத்தி, புரோம் போன்ற குளிர்நிலப் புற்கள் நிற்கும் வயலுக்கு இது முழுத் தவறு. அந்த வயல்களில் கத்தி நான்கு அங்குலத்தில், அதாவது பத்து சென்டிமீட்டரில், ஓட வேண்டும். மூன்று அங்குலத்துக்குக் கீழே இறங்கவே கூடாது. இரண்டு அங்குலத்திலும் ஒன்றரை அங்குலத்திலும் அறுப்பவர் இந்த அறுப்பில் கூடுதலாக எடுப்பதை அடுத்த அறுப்பிலும் அடுத்த ஆண்டிலும் இழக்கிறார். இழப்பு அங்கே கணக்கில் ஏறாததால்தான் அது லாபமாகத் தெரிகிறது.

தாழ அறுப்போர் தரப்பை முதலில் அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்வோம். புல்வயலில் அடர்த்தி அடியில்தான் அதிகம். ஓர் ஏக்கரில் ஓர் அங்குல உயரத்துக்கு 70 முதல் 140 கிலோ வரை உலர்பொருள் இருக்கும் என்று கொள்வது வழக்கம். தரையை நெருங்க நெருங்க இந்த எண் மேல்வரம்பை ஒட்டிப் போகும். நான்கு அங்குலத்தில் அறுத்துவந்தவர் இரண்டு அங்குலத்துக்கு இறங்கினால், ஏக்கருக்கு 200 கிலோ அளவுக்குக் கூடுதலாகப் பேலருக்குள் போகும். ஐம்பது ஏக்கர் அறுப்பவருக்கு அது பத்து டன். கட்டுக்கட்டாகக் கண்முன் அடுக்கி எண்ணக்கூடிய பத்து டன். பனி உருகிய நாள் முதல் உரத்துக்கும் டீசலுக்கும் செலவழித்த ஒருவரிடம் போய், இதை வயலிலேயே விட்டுவிடுங்கள் என்று சொன்னால் அவர் முகம் சுளிப்பது இயல்பு. அவருடைய எண்ணில் பொய் இல்லை. அந்த எண்ணை முதல் அறுப்போடு நிறுத்திக்கொள்வதுதான் பிழை. உலர்புல் வயல் ஒருமுறை அறுத்து உழுதுபோடும் பயிர் அல்ல. ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஐந்து ஆண்டுக்கோ பத்து ஆண்டுக்கோ தொடர்ந்து அறுக்க வேண்டிய நிலைப்பயிர். நிலைப்பயிரின் லாபத்தை அதன் ஆயுள் முழுவதற்கும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

தாழ அறுக்கும் இந்தப் பழக்கம் புல்லைப் பார்த்து வந்ததல்ல, இயந்திரத்தைப் பார்த்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொட்டு நூறாண்டுக்கு மேல் புல்லறுத்தது நீண்ட சட்டத்தில் முக்கோணக் கத்திகள் முன்னும் பின்னுமாக ஓடும் அரிவாள்சட்ட மோவர். கத்தரிக்கோல் வெட்டுவதுபோல, நிலையான விரல்களுக்கும் ஓடும் கத்திகளுக்கும் இடையே தாள் சிக்கினால்தான் அது அறுக்கும். ரொம்பத் தாழ்த்தினால் விரல்கள் மண்ணில் குத்தும், எலிவளை மண்ணும் அடிப்புல்லும் அடைத்துக்கொள்ளும், கல் பட்டால் கத்தி உடையும். ஆகவே ஓட்டுபவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பெரும்பாலும் போதிய அடித்தாள் வயலில் நின்றுவிடும். 1960களுக்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து பரவிய டிஸ்க் மோவருக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. டிராக்டரிலிருந்து கருவிக்குச் சக்தி தரும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுற்றும்போது மோவரின் தட்டுகள் ஏறத்தாழ 3000 முறை சுற்றுகின்றன. தாளைப் பிடித்து வெட்ட எதிர்க்கத்தி தேவையில்லை, வேகமே வெட்டிவிடும். எலிவளை மேட்டையும் சாய்ந்த புல்லையும் வாரிக்கொண்டு தரைக்கு ஒன்றரை அங்குலத்தில்கூட நிற்காமல் ஓடும். வேகத்திலும் உழைப்பிலும் இது பெரிய முன்னேற்றம், அதில் மறுப்பு இல்லை. ஆனால் பழைய இயந்திரம் தன் இயலாமையால் காத்துவந்த அடித்தாளைப் புதிய இயந்திரத்தை ஓட்டுபவர் தன் முடிவால் காக்க வேண்டியதாயிற்று. பலர் அந்த முடிவை எடுக்கவே இல்லை. மோவர் எவ்வளவு தாழ ஓடுமோ அதையே சரியான உயரம் என்று எடுத்துக்கொண்டார்கள். இயந்திரத்தால் முடிகிற அளவும் புல்லால் தாங்க முடிகிற அளவும் வெவ்வேறு.

புல் எவ்வளவு தாங்கும் என்பதை அதன் சேமிப்பு எங்கே இருக்கிறது என்பதிலிருந்து அறியலாம். அறுப்பு முடிந்த மறுநாள் செடியிடம் இலை இல்லை. வெயிலைச் சர்க்கரையாக்க வழி இல்லை. புதுத்தளிர் விடுவதற்கு அது முன்பே சேர்த்துவைத்த மாவுப்பொருளையும் சர்க்கரையையும் எடுத்துச் செலவழித்தாக வேண்டும். கோவைப் பக்கத்து மாட்டுக்காரர்கள் அறிந்த குதிரைமசால், அந்தச் சேமிப்பை ஆழமாக இறங்கும் ஆணிவேரிலும் மண்மட்டத்தில் இருக்கும் தலைப்பகுதியிலும் வைக்கிறது. அடுத்த தழைவுக்கான மொட்டுகளும் அந்தத் தலைப்பகுதியில்தான் முளைக்கும். கத்தி இரண்டு அங்குலத்தில் ஓடினாலும் சேமிப்பு அதற்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. குளிர்நிலப் புற்கள் அப்படி அல்ல. அவற்றின் வேரில் சேமிப்பு சொற்பம். பெரும்பகுதி ஃபிரக்டான் எனப்படும் சர்க்கரைத் தொடராகத் தண்டின் அடியிலும் இலையுறைகளின் அடியிலும், தரைக்கு மேல் முதல் மூன்று நான்கு அங்குலத்துக்குள் இருக்கிறது. திமோத்தி இதில் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு தண்டின் அடியிலும் சின்னக் கிழங்கு போன்ற ஒரு வீக்கத்தை உண்டாக்கி, மறுதழைவுக்கான இருப்பை அதற்குள் வைக்கிறது. ஒன்றரை அங்குலத்தில் ஓடும் கத்தி இந்த இருப்பிலிருந்தே அறுத்து எடுத்துப் போகிறது. கூடுதலாகக் கிடைத்ததாகக் கணக்கெழுதும் அந்த 200 கிலோவில் அடுத்த அறுப்புக்கான மூலதனம் கலந்திருக்கிறது. விதைநெல்லைக் குத்திச் சமைத்துவிட்டு அதை விளைச்சலில் சேர்ப்பது எப்படியோ அப்படித்தான் இதுவும்.

மண்ணுக்கு மேல் நடப்பதைவிட மண்ணுக்குக் கீழே நடப்பது இன்னும் கடுமையானது. அமெரிக்க வேளாண் துறை 1955இல் வெளியிட்ட ஃபிராங்க்ளின் கிரைடரின் ஆய்வறிக்கை புல்வளர்ப்பில் இன்றும் மேற்கோள் காட்டப்படுவது. புல்லின் மேற்பகுதியில் எவ்வளவு வெட்டினால் வேர்வளர்ச்சி எவ்வளவு நிற்கும் என்று அவர் அளந்தார். நாற்பது சதவீதம் வரை வெட்டினால் வேர்வளர்ச்சி நிற்கவில்லை. ஐம்பது சதவீதத்தில் நின்ற வேர்கள் மிகச் சொற்பம். அறுபது சதவீதத்தில் ஏறத்தாழ பாதி வேர்கள் நின்றன, எழுபதில் முக்கால் பங்குக்கும் மேல் நின்றன, எண்பதில் எல்லா வேரும் நின்றன, பன்னிரண்டு நாள் அசையவில்லை. தொண்ணூறு சதவீதம் வெட்டியபோது அந்த நிறுத்தம் பதினேழு நாள் வரை நீண்டது. இதைக் கேட்டதும் தாழ அறுப்போர் ஒரு நியாயமான கேள்வி எழுப்புவார்கள்: மூன்றடி உயரப் புல்லை நான்கு அங்குலத்தில் அறுத்தாலும் எண்பது சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறதே, வேர் எப்படியும் நிற்கத்தானே போகிறது, இரண்டு அங்குலத்துக்கு இறங்கினால் என்ன குடிமுழுகிவிடும்? உலர்புல் அறுப்பு வேரை நிறுத்தும் என்பது உண்மை. அதைத் தவிர்க்க வழியில்லை. நின்ற வேர் எத்தனை நாள் நிற்கும், திரும்பத் தொடங்க எதை உண்ணும் என்பதைத்தான் அடித்தாள் தீர்மானிக்கிறது. கிரைடரின் எண்களிலேயே எண்பதுக்கும் தொண்ணூறுக்கும் இடையே ஐந்து நாள் வேறுபாடு இருக்கிறது. நான்கு அங்குலத் தாளில் பச்சை உறையும் சில இலைத்துண்டுகளும் மிஞ்சும், சர்க்கரையும் மிஞ்சும். ஒன்றரை அங்குலத் தாளில் இரண்டுமே சொற்பம். ஜூன் மாதத்தில் ஒரு வாரம் தாமதம் என்பது அங்கே சிறிய விஷயமும் அல்ல. ஈரமும் மிதமான வெப்பமும் சேர்ந்திருக்கும் நாட்கள் கொஞ்சம்தான். ஜூலையில் வெப்பம் முப்பது டிகிரியைத் தாண்டினால் குளிர்நிலப் புல் தானாகவே சோர்ந்துவிடும். அதற்கு முன் இலைவிட்டு நிலத்தை மூடிய வயல் அந்த வெயிலைத் தாங்கும். மூடாத வயலில் மண் சூடேறி ஈரம் பறக்கும், வேர் சுருங்கும், இடைவெளிகளில் வெளிச்சம் பட்டதும் வெப்பகாலக் களைகள் முளைக்கும்.

இதன் விளைவு நீண்டகாலத்தில் எப்படி இருக்கிறது என்பதற்கு ஆர்ச்சர்டு கிராஸ் சாட்சி. வர்ஜீனியா, மேரிலாந்து, பென்சில்வேனியா பகுதிகளில் ஒருமுறை விதைத்தால் எட்டு பத்து ஆண்டு நின்ற இந்தப் புல் இப்போது மூன்று நான்கு ஆண்டிலேயே மெலிந்துவிடுகிறது என்பது உழவர்களிடம் பரவலாக உள்ள குறை. இதற்கு வெப்பம் கூடிய கோடைகள், தண்டடியைத் துளைக்கும் வண்டுகள், நோய்கள், பொட்டாசியக் குறைவு எனப் பல காரணங்கள் பேசப்படுகின்றன. எல்லாப் பழியையும் கத்தியின் மேல் போடுவது நேர்மையாகாது. ஆனால் உழவரின் கையில் முழுமையாக இருப்பவற்றில் அறுப்பு உயரம் முக்கியமானது. வெயிலைக் குறைக்க அவரால் முடியாது. வெயிலுக்குமுன் புல்லைப் பட்டினி போடாமல் இருக்க முடியும். பட்டினி கிடக்கும் செடியைத்தான் வண்டும் நோயும் எளிதில் சாய்க்கின்றன என்பதால் மற்றக் காரணங்களின் கடுமையையும் அறுப்பு உயரம் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது.

இந்தச் சரிவு பலர் கண்ணில் படாததற்கும் ஒரு காரணம் இருக்கிறது. தாழ அறுக்கும் வயல் பொட்டலாகிவிடுவதில்லை. ஆர்ச்சர்டு கிராஸும் திமோத்தியும் புரோமும் பின்வாங்க, அந்த இடத்தைக் கென்டக்கி புளூகிராஸ் போன்ற குட்டைப் புற்கள் பிடித்துக்கொள்கின்றன. மண்ணுக்குள் ஓடும் கிடைத்தண்டும் தரையோடு படிந்த இலையும் உள்ள இவற்றை ஒட்ட அறுப்பது அவ்வளவாகப் பாதிப்பதில்லை. வயல் பச்சையாகவே இருக்கும், பார்வைக்கு ஒழுங்காகவும் இருக்கும். ஆனால் புளூகிராஸ் கோடையில் உறங்கும் புல், உயரம் குறைந்த புல். அதிலிருந்து இரண்டாம் அறுப்புக்குச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் தேறாது. விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்போது உழவர் மழையைக் குறை சொல்கிறார், விதை நிறுவனத்தைக் குறை சொல்கிறார். குறைவதை ஈடுகட்ட மறுபடி கத்தியைத்தான் தாழ்த்துகிறார். இந்தச் சுழல்தான் என்னை மிகவும் வருத்துவது. நோய்க்கு மருந்தென்று எண்ணி நோயின் காரணத்தையே இரட்டிப்பாக்கும் வேலை இது.

இனி, கூடுதலாகக் கிடைத்த அந்தப் பத்து டன் எத்தகைய தீவனம் என்றும் பார்க்க வேண்டும். தண்டின் அடிப்பகுதி நார் மிகுந்தது, புரதம் குறைந்தது. இலை மேலேதான் இருக்கிறது. அடி இரண்டு அங்குலத்தைச் சேர்க்கும்போது எடை கூடுகிறது, ஒவ்வொரு கிலோவின் சத்தும் குறைகிறது. அதைவிட மோசமானது மண். தீவனத்தை ஆய்வகத்தில் எரித்தால் மிஞ்சும் சாம்பலின் அளவு, அதில் எவ்வளவு தாது என்பதைக் காட்டும். புல்லுக்குள் இயல்பாக இருக்கும் தாது ஆறு சதவீதம் அளவில், குதிரைமசாலில் எட்டு சதவீதம் அளவில் இருக்கும். அதற்கு மேல் வருவதெல்லாம் பெரும்பாலும் ஒட்டிக்கொண்ட மண். பத்து பன்னிரண்டு சதவீதம் காட்டும் மாதிரிகள் சாதாரணம், பதினைந்தைத் தாண்டுவதும் உண்டு. நிமிடத்துக்கு 3000 முறை சுற்றும் தட்டு தனக்குக் கீழே ஒரு காற்றிழுப்பை உண்டாக்குகிறது. அது தரையை நெருங்கும்போது உலர்ந்த மண்ணையும் பழைய சருகையும் உறிஞ்சி அறுத்த புல்லோடு கலந்துவிடும். தாள் குட்டையாக இருந்தால், அறுத்த புல்லைக் கூட்டப் பின்னால் வரும் வாரியின் பற்களும் மண்ணைத் தொட்டுக் கீறும். ஒரு கணக்குக்காக, முதல் அறுப்பில் ஏக்கருக்கு இரண்டு டன் உலர்புல் என்று வைத்துக்கொள்வோம். தாழ அறுத்ததால் சாம்பல் எட்டிலிருந்து பன்னிரண்டு சதவீதமானால், அந்த இரண்டு டன்னில் 80 கிலோ புதிதாகச் சேர்ந்த மண். கூடுதலாகக் கிடைத்ததாக எண்ணிய 200 கிலோவில் இவ்வளவு பசுவுக்கு எந்தச் சக்தியும் தராதது. சாம்பல் ஒரு சதவீதம் கூடினால் செரிக்கக்கூடிய சத்தும் ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைகிறது என்பது தீவன ஆய்வாளர்கள் கைக்கொள்ளும் தோராயக் கணக்கு. உலர்புல்லாக்காமல் ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் சுற்றிப் புளிக்கவைப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். மண்ணோடு வரும் கிளாஸ்டிரிடியம் நுண்ணுயிர்கள் புளிப்பைக் கெடுத்துத் தீவனத்தை நாற்றமடிக்கச் செய்கின்றன. அந்தக் குடும்பத்தின் ஒரு வகை உண்டாக்கும் பொட்டுலிசம் குதிரைகளைக் கொல்லவும் கூடும்.

உலர்த்துவதிலும் உயரத் தாளுக்கே மேல்நிலை. அறுத்த புல் நான்கு அங்குலத் தாளின் மேல் படுக்கும்போது அடியில் காற்று ஓடும், மண்ணின் ஈரம் நேராக ஏறாது. ஒட்ட அறுத்த தரையில் அதே புல் ஈரமண்ணின் மேல் கிடக்கிறது. மேல்பக்கம் காய்ந்து அடிப்பக்கம் பச்சையாக இருக்கும், அதைப் புரட்டிப்போட இன்னொரு முறை டிராக்டரை ஓட்ட வேண்டும். இரண்டு மழைகளுக்கு இடையே கிடைக்கும் மூன்று வெயில் நாட்களை நம்பிப் பிழைக்கும் நாடு அது. அரைநாள் முன்னதாகக் காய்ந்தால் ஒரு முழு அறுப்பே மழையில் நனையாமல் தப்பும் சந்தர்ப்பங்கள் உண்டு.

தாழ அறுப்போர் கையில் உள்ள வலுவான சான்று குதிரைமசால் சோதனைகள். விஸ்கான்சினில் நடந்த ஆய்வுகளில், அறுப்பு உயரம் ஓர் அங்குலம் கூடும்போது குதிரைமசாலின் ஆண்டு விளைச்சல் ஏக்கருக்கு ஏறத்தாழ அரை டன் குறைந்தது. நல்ல நிலையில் உள்ள வயலைத் தாழ அறுத்ததால் செடிகள் சாகவும் இல்லை. இந்த முடிவை நான் அப்படியே ஏற்கிறேன். காரணத்தையும் மேலே சொன்னேன், அதன் சேமிப்பு கத்திக்குக் கீழே இருக்கிறது. பிழை எங்கே நேர்ந்தது என்றால், குதிரைமசாலைப் பற்றிய ஒரு முடிவு உலர்புல்லைப் பற்றிய பொதுவிதியாகப் பேச்சில் மாறிவிட்டது. பால்பண்ணைகளுக்கான ஆலோசனைகளில் குதிரைமசாலே நடுநாயகம் என்பதால் அங்கே சொன்னது புல் வளர்ப்பவரின் காதுக்கும் அதே வடிவில் போய்ச் சேர்ந்தது. இரண்டும் கலந்து விதைத்த வயல்களில்தான் இதன் சேதம் அதிகம். குதிரைமசாலோடு ஆர்ச்சர்டு கிராஸோ புரோமோ கலந்து விதைப்பவர் புல்லுக்கும் விதைக்காசு கொடுத்திருக்கிறார். இரண்டு அங்குலத்தில் அறுத்தால் இரண்டாம் ஆண்டுக்குள் புல் மறையத் தொடங்கும். புல் போன இடத்தைக் குதிரைமசால் நிரப்பாது. முதிர்ந்த குதிரைமசால் தன் அருகே புதிய நாற்று எழவிடாத செடி என்பதால் அந்த இடம் களைக்குத்தான். கலப்பு வயலில் உயரத்தைத் தீர்மானிக்க வேண்டியது தாங்கும் செடி அல்ல, தாங்காத செடி.

மற்ற மறுப்புகளில் சிலவற்றுக்கு விடை எளிது. முதல் அறுப்பில் விட்ட நீண்ட தாள் காய்ந்து கட்டையாகி இரண்டாம் அறுப்பில் கலந்து தரத்தைக் கெடுக்கும் என்பார்கள். இரண்டாம் முறையும் அதே உயரத்தில், அல்லது ஒரு விரற்கடை மேலே ஓட்டினால் அந்தத் தாள் கத்திக்குக் கீழேயே நின்றுவிடும். ஒருமுறை நான்கு, அடுத்தமுறை இரண்டு என்று மாற்றுபவருக்குத்தான் இந்தத் தொல்லை. சாய்ந்துகிடக்கும் புல்லைத் தாழ்த்தாமல் எடுக்க முடியாது என்பது ஓரளவு உண்மை. அங்கேயும் சாய்வுக்கு எதிர்த்திசையிலோ குறுக்காகவோ ஓட்டினால் பெரும்பகுதி வந்துவிடும். சாய்ந்த துண்டுக்காக முழு வயலையும் தாழ அறுப்பதற்கு நியாயம் இல்லை. இரண்டாம் மூன்றாம் அறுப்பின் குட்டைப் புல் நீண்ட தாளுக்குள் விழுந்து வாரிக்கு அகப்படாமல் போகும் என்ற மறுப்பில் மட்டும் உண்மையான இழப்பு இருக்கிறது. ஏக்கருக்குச் சில கிலோ வயலிலேயே தங்கும். அடுத்த தழைவுக்காகக் கொடுக்கும் விலை என்று அதை ஏற்கத்தான் வேண்டும். பனிக்காலத்துக்கு முந்தைய கடைசி அறுப்பைப் பற்றியோ விவாதத்துக்கே இடமில்லை. அப்போது விட்ட தாள் பனியைப் பிடித்து நிறுத்தி, உறைகுளிரிலிருந்து தூரைப் போர்த்திக் காக்கும். அந்த நேரத்தில் நான்கு அங்குலம்கூடக் குறைவுதான்.

இத்தனையையும் ஒப்புக்கொள்பவர்கூட வயலில் தவறிவிடுவது மோவரைச் சரிசெய்யும் விதத்தில். டிராக்டரின் மூன்று புள்ளி இணைப்பில் பூட்டும் டிஸ்க் மோவரில் பெரும்பாலோர் தொடுவது டாப் லிங்க் ஒன்றைத்தான். அதைச் சுருக்கினால் அறுக்கும் சட்டம் முன்பக்கம் குனியும், கத்தி தாழும். நீட்டினால் நிமிரும், கத்தி உயரும். ஆனால் இது சாய்வை மாற்றுவதால் கிடைக்கும் உயரம். பல மோவர்களில் சட்டத்தை முழுக்க நிமிர்த்தினாலும் தாள் இரண்டரை மூன்று அங்குலத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் வேண்டுமென்று ஹைட்ராலிக்கால் மோவரையே தூக்கி ஓட்டுவது தவறு. அந்தச் சட்டம் தன் சறுக்குத்தகடுகளின் மேல் தரையைத் தடவி ஓடுமாறு செய்யப்பட்டது. தூக்கிப் பிடித்தால் மேடு பள்ளத்தைப் பின்பற்றாமல் ஓரிடத்தில் ஆறு அங்குலமும் இன்னோரிடத்தில் ஓர் அங்குலமுமாக அறுக்கும். சரியான வழி, சட்டத்தின் அடியில் உயரமான சறுக்குத்தகடுகளைப் பொருத்துவது. பெரும்பாலான மாடல்களுக்கு இவை தனி உதிரியாகக் கிடைக்கின்றன. மோவரின் விலையோடு பார்த்தால் செலவு மிகச் சிறியது. சட்டத்தின் எடையைத் தாங்கும் ஸ்பிரிங்குகளையும் கையேட்டில் சொன்னபடி இறுக்க வேண்டும். தளர்ந்திருந்தால் முழு எடையும் தரையில் அழுந்தி, தகடு புல்தரையைச் சீவிக்கொண்டு போகும். அளவுக்கு மீறி இறுக்கினால் சட்டம் துள்ளும். இவ்வளவு செய்தபின்னும் இயந்திரத்தில் குறித்த எண்ணை நம்பக்கூடாது. கொஞ்ச தூரம் அறுத்துவிட்டு இறங்கி, அறுத்த புல்லை ஒதுக்கி, மண்மட்டத்திலிருந்து தாளின் வெட்டுமுனை வரை அளவுகோல் வைத்துப் பல இடங்களில் அளக்க வேண்டும். மெத்தென்ற ஈரத் தரையில் தகடு அமிழும், உலர்ந்த தரையில் அமிழாது. அதே அமைப்பு மே மாதத்தில் ஓர் உயரமும் ஆகஸ்டில் வேறோர் உயரமும் தருவதற்கு அதுவே காரணம். மழுங்கிய கத்தியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தாழ ஓட்டிக் கல்லிலும் மண்ணிலும் தேய்ந்த கத்தி தாளை வெட்டாமல் பிய்க்கும், பிய்ந்த முனை ஆறித் தழைக்க நாளாகும்.

இவ்வளவு வாதத்துக்குப் பின்னும் தாழ அறுப்பது தொடர்வதற்கு அறியாமை மட்டும் காரணமல்ல. அங்கே உலர்புல் நிலத்தில் கணிசமான பகுதி குத்தகை நிலம். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் குத்தகையில், மூன்றாண்டு கழித்து வயல் மெலிவது அறுப்பவரின் நஷ்டமல்ல, நிலத்துக்காரரின் நஷ்டம். கூலிக்கு அறுத்துக் கட்டிக்கொடுப்பவருக்குக் கட்டுக்கு இவ்வளவு என்று பேசினால், கட்டு கூடக் கூட அவருக்கு வருமானம், கத்தி தாழத்தான் செய்யும். அவரைப் பேராசைக்காரர் என்று சொல்ல மாட்டேன், ஒப்பந்தம் அவரை அப்படி அறுக்கச் சொல்கிறது. உலர்புல்லை எடைக்கோ கட்டு எண்ணிக்கைக்கோ மட்டும் விலைபேசும் சந்தையும் இதற்கு உடந்தை. மண் கலந்த கட்டும் சுத்தமான கட்டும் ஒரே விலைக்குப் போனால் சுத்தமாக அறுப்பவருக்கு என்ன மிச்சம்? ஆகவே நிலத்துக்காரர்கள் குத்தகைப் பத்திரத்தில் அறுப்பு உயரத்தை எழுத வேண்டும். கூலியைக் கட்டுக்குப் பேசாமல் ஏக்கருக்குப் பேச வேண்டும். தீவனம் வாங்குபவர் ஆய்வக அறிக்கையில் புரதத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தாமல் சாம்பலையும் கேட்க வேண்டும். புல்வயல் வைத்திருப்பவர் அடுத்த முதல் அறுப்புக்கு முன் உயரமான சறுக்குத்தகடுகளை வாங்கிப் பொருத்தி, நான்கு அங்குலத்தில் ஓட்டி, இரண்டாம் அறுப்பின் கட்டுகளையும் சேர்த்து ஆண்டுக்கணக்கு போட்டுப் பார்க்கட்டும்.